இல்லாத பிரேக்

அத்தியாயம் 14

இந்தக் குடும்பத்துக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்காக நாலு வரி. வாராவாரம் வருகிறவர்கள் அதற்குள் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

மாஸ்டர் என்றால் கராத்தே மாஸ்டர் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி. பட்டப்பெயர் வைத்தவர் கணவர். அவரும் ஒரு காலத்தில் அவளிடம் கற்றுக்கொண்டவர்தான். டெஸ்டில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை தேறி, லைசென்ஸோடு சேர்த்து டீச்சரையும் கைப்பிடித்துக்கொண்டு போனவர். அப்புறம் மருந்துக் கம்பெனி வேனில் பதினெட்டு வருஷம் ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். சொந்தக் காரில் இவர்கள் இருவரும் முன்னால், அவருடைய தங்கை பின்னால். இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே வந்தது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மாஸ்டர் கடைசி நொடியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரில் மோதியது. மூன்று பேரும் பிழைத்தார்கள். தங்கையின் முழங்கால்தான் நொறுங்கிப்போனது. அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் மாஸ்டரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரில் டீச்சரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் பதறிப்போய் எதையாவது மிதித்துத் தொலைப்பதற்குள் அவள் சொல்லுவாள்: "காலை எடுங்க. நான் பிடிச்சுக்கறேன்." சத்தம் போடமாட்டாள். குழந்தை தூங்குகிற அறையில் பேசுவது மாதிரிதான் சொல்லுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்ல வேண்டியிருக்கும். அந்த மழை நாளிலும் வாயில் அதுதான் வந்தது. அவர் எடுத்துவிட்டார். அவள் மிதித்தாள். சொந்தக் காரில் அவள் காலடியில் இருந்தது வெறும் ரப்பர் விரிப்பு.

அவள் சொன்னது அவருக்கு நினைவில்லை. தங்கை அப்போது பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மாதமாக மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

நாளைக்குத் திங்கட்கிழமை. இனி வண்டி ஓட்டப்போவதில்லை, கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையே நிரந்தரமாக இருக்கட்டும் என்று அவர் ஆபீஸில் கடிதம் கொடுக்கப்போகிறார். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. அதனால் இன்றைக்குள் உண்மையைச் சொல்லியே தீருவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். வீட்டில் எத்தனையோ தடவை ஆரம்பித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் குக்கர் விசில் அடிக்கும், இல்லையென்றால் காலிங் பெல் அடிக்கும், இரண்டும் அடிக்காத அன்றைக்கு அவளுக்குத் தைரியம் இருக்காது. நண்பர்களோடு ஒரு நாள் வெளியே போனால் வாய்ப்புக் கிடைக்கும் என்று நினைத்தாள்.

காலை ஏழு மணிக்கு ஹிஸ்டரி சாரின் வேன் ஃபிளாட் வாசலில் வந்து நின்றது. சார், ரிடையரான சரித்திர ஆசிரியர். பார்க்கில் இவர்களோடு காலையில் நடக்கிறவர். நடக்கிறவர் என்று சொல்வது மரியாதைக்கு. பத்தடிக்கு ஒரு தடவை நின்று ஏதாவது ஒரு ராஜாவைப் பற்றிப் பேசுவார். அவரோடு மருந்துக்கடை அக்காவும் வந்திருந்தாள். அவளும் அதே பார்க் கூட்டம்தான். மடியில் ஒரு பை, அதில் வாந்தி வருகிறவர்களுக்கும் வராதவர்களுக்கும் மாத்திரை வைத்திருந்தாள்.

"மாஸ்டர் முன்னாடி உட்காரட்டும்," என்றார் சார். "அவங்க பக்கத்துல இருந்தா எனக்கு இன்ஷூரன்ஸே வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கடைசி சீட்டில், சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவில் ஏழாவது பையாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாத்தனாருக்கு நடு சீட். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் இப்போது பாதி நாள்தான் போகிறாள். அவள் குடியிருந்த வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, அதனால் அடிபட்டதிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணனோடு அவள் பேசுவதெல்லாம் "ம்", "சரி", "கதவைச் சாத்துங்க" அவ்வளவுதான்.

அண்ணன் கடைசி சீட்டுக்குப் போகும் முன், அவள் ஏறுவதற்காகக் கதவருகே நின்று கையை நீட்டியிருந்தார். அவள் பார்க்காத மாதிரி கைத்தடியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் வேன் கதவில் இருந்த தூசியைத் தட்டினார்.

மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே சீட் பெல்ட்டை மாட்டினாள்.

ஹிஸ்டரி சார் வண்டி ஓட்டுகிற அழகைச் சொல்லியாக வேண்டும். ரோட்டைப் பார்த்து ஓட்டுவது அவருக்கு இரண்டாம் பட்சம். இடது பக்கம் ஒரு பழைய மண்டபம் தெரிந்தால் தலை இடது பக்கம் போகும், கூடவே வேனும் போகும். வலது பக்கம் ஒரு பாழடைந்த கிணறு தெரிந்தால் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அதைக் காட்டும்.

"அந்தக் கிணத்துல படை முழுக்கத் தண்ணி குடிச்சிருக்கு, தெரியுமா?"

"சார், முன்னாடி சைக்கிள்."

"தெரியுது, தெரியுது."

மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. அடுத்த வளைவிலும் மிதித்தது. சார் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"மாஸ்டர், இது பழைய வேன். ஓட்டை போட்டுடாதீங்க."

வேன் முழுக்கச் சிரிப்பு. மாஸ்டருக்கு முகம் வெளிறிப்போனது. சிரித்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. காலை மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க அதை அங்கேயே வைத்திருந்தாள்.

முதலில் போனது ஆற்றோரத்துக் கோயில். முழுக்கக் கல்லால் கட்டியது. ஐம்பது படி ஏற வேண்டும். நாத்தனார் மருந்துக்கடை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஏறியே தீருவேன் என்று ஏறினாள். கணவர் கீழேயே நின்றுவிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் செருப்பெல்லாம் பார்த்துக்கறேன்."

"செருப்பை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க," என்றாள் மாஸ்டர்.

"போகமாட்டாங்கதான். இருந்தாலும் ஒரு வேலை வேணுமில்ல எனக்கு?"

அவளும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். ஆறு கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டமில்லை. குக்கரும் இல்லை, காலிங் பெல்லும் இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு, அந்த லாரி வந்தப்ப..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம் மாஸ்டர்." அவர் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். "நல்ல நாளும் அதுவுமா அதை எதுக்கு எடுக்கறே? நீ இழுக்கலேன்னா நாம மூணு பேரும் இன்னைக்கு இந்தப் படியில இல்ல. அதை நான் மறக்கல. நீ சொல்லிக் காட்டணும்னு அவசியமில்ல."

"நான் சொல்லிக் காட்ட வரல."

"அப்புறம்?"

மேலேயிருந்து சாரின் குரல் வந்தது. "மாஸ்டர், சீக்கிரம் வாங்க. தூண்ல ஒரு குதிரை இருக்கு. கால் மட்டும் அஞ்சு."

"போ, போ," என்றார் கணவர். "நீ போகலேன்னா அவர் குதிரையையே கீழ கூட்டிட்டு வந்துடுவார்."

அவள் எழுந்து போனாள். போயிருக்கக் கூடாது. ஆனால் போவதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததில் அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து மேலே போகும்வரை தன்னையே திட்டிக்கொண்டாள். குதிரைக்கு நாலு கால்தான். ஐந்தாவது, பக்கத்தில் நின்றிருந்த வீரனுடையது.

அடுத்து ஒரு தேவாலயம். உயரமான கோபுரம், உள்ளே நீளமான மர பெஞ்சுகள், கால் வைத்ததும் உடம்பு சில்லென்று ஆகிற கல் தரை. சார்கூட அங்கே குரலை இறக்கிப் பேசினார். ஒரு மூலையில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. நாத்தனார் அங்கே போய் நின்று, ஒன்று ஏற்றினாள். பிறகு இன்னொன்றும் ஏற்றினாள்.

மாஸ்டர் பக்கத்தில் போனதும், "ஒண்ணு என் காலுக்கு," என்றாள். "இன்னொண்ணு உங்களுக்கு அண்ணி."

"எனக்கு எதுக்கு?"

"எதுக்குன்னா கேக்கறீங்க? பிசியோதெரபிக்குப் போறப்பல்லாம் வலி உயிர் போகும். அப்ப நினைச்சுக்குவேன், அண்ணி கை மட்டும் அன்னைக்கு நீளலேன்னா இந்த வலிகூட எனக்கு இருக்காதுன்னு."

"உங்க அண்ணனுக்கு ஏத்தலையா?"

"இல்ல. ஏத்தத் தோணல. தப்புன்னு தெரியும். அவர் வேணும்னு செய்யலன்னும் தெரியும். ஆனா அவர் முகத்தைப் பார்த்தா எனக்கு முட்டி வலிக்குது. நான் என்ன பண்ண?"

இங்கேயே சொல்லியிருக்கலாம். மாஸ்டர் வாயைத் திறக்கவும் செய்தாள். தனக்காக எரிகிற மெழுகுவத்திக்கு முன்னால் நின்றுகொண்டு, அதை ஏற்றியவளிடம், நீ நன்றி சொல்லும் ஆள் நான் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டாள். அன்புதான், அதில் சந்தேகமில்லை. வேறொன்றும் அதில் இருந்தது.

மதியச் சாப்பாடு தேவாலயத்துக்கு வெளியே மரத்தடியில் முடிந்தது. மருந்துக்கடை அக்கா சாப்பிடும் முன் மூன்று பேருக்கு மாத்திரை, சாப்பிட்ட பின் இரண்டு பேருக்கு மாத்திரை என்று விநியோகம் செய்தாள். சார் இரண்டு பிரிவிலும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது இடம் கோட்டை. குன்றின் மேல் இருந்தது. வேன் பாதி தூரம்வரை போகும், அதற்குமேல் சரிவான நடைபாதை. மேலே மதில் மட்டும்தான் மிச்சம், உள்ளே புல். ஆனால் அங்கிருந்து பார்த்தால் காலையிலிருந்து வந்த ரோடு முழுக்கக் கீழே தெரிந்தது. வண்டிகள் சின்னச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தன. கணவர் அதைப் பார்த்துக்கொண்டே மதில்மேல் உட்கார்ந்திருந்தார். எந்த வண்டி கியர் மாற்றத் திணறுகிறது, எது வளைவில் வேகமாகப் போகிறது என்று அவர் கண் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனது. மாஸ்டர் அதைக் கவனித்தாள். பசியோடு இருக்கிறவர் சாப்பாட்டைப் பார்ப்பது மாதிரி இருந்தது அவர் பார்வை.

மற்ற மூவரும் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். சாரின் பேச்சு மட்டும் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாரு. நாளைக்குக் குடுக்கணும். தப்பு ஏதாவது இருந்தா சொல்லு."

அவள் வாங்கிப் படித்தாள். ஐந்து வரி. கையெழுத்துப் பள்ளிக்கூடப் பையன் கையெழுத்து மாதிரி ஒழுங்காக இருந்தது. நாலாவது வரியில், 'அவசர நேரத்தில் என் கால் என் சொல்லைக் கேட்காது என்பதை உணர்ந்துகொண்டேன். ஆகவே வாகனம் ஓட்டும் தகுதி எனக்கு இல்லை' என்று எழுதியிருந்தார்.

அவள் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"ரொம்ப நேரமாப் பார்க்கறியே. அவ்வளவு தப்பா?"

"தப்பு இருக்கு," என்றாள். "நாலாவது வரி தப்பு."

"எந்த வார்த்தை?"

"மொத்த வரியும்." இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. "உங்க கால் சொன்னதைக் கேட்டுச்சு. நீங்க சொன்னதை இல்ல. நான் சொன்னதை. அன்னைக்கு லாரி குறுக்க வந்தப்ப உங்க கால் பிரேக்லதான் இருந்துச்சு. வண்டி நிக்க ஆரம்பிச்சது. நான்தான் காலை எடுக்கச் சொன்னேன். ஸ்கூல் கார்ல சொல்ற மாதிரி வாயில வந்துடுச்சு. நீங்க எடுத்துட்டீங்க. நான் மிதிச்சேன். அங்க ஒண்ணும் இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். புரியாத முகம்.

"நீ சொன்னியா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"நான் சத்தமாச் சொல்லல."

"எப்படிச் சொன்னே?"

"வேண்டாங்க."

"சொல்லு. அன்னைக்கு எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு."

அவள் அவருக்குப் பக்கத்தில் மதிலில் உட்கார்ந்தாள், காரில் உட்கார்ந்திருந்த மாதிரியே அவருக்கு இடது பக்கம். எதிரே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "காலை எடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

கல்லில் பதிந்திருந்த அவருடைய வலது கால் மேலே எழுந்தது.

அவர் தூக்கவில்லை. அது தானாக எழுந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. இருவரும் அதையே பார்த்தார்கள். பதினெட்டு வருஷம் வேன் ஓட்டிய கால். அதற்கு முன்னால் மூன்று மாதம் அவளிடம் பாடம் படித்த கால். அந்த மூன்று மாதத்தை அவர் மறந்திருந்தாலும் அது மறக்கவில்லை.

அவர் காலை மெதுவாகக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, தொடையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"அப்ப இது நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"நல்லாத்தான் இருக்கு."

"பதினோரு மாசம்."

"ஆமா."

"நரம்பு செத்துப்போச்சான்னு கேக்க டாக்டர்கிட்ட போனேனே."

"தெரியும். நான்தான் கூட வந்தேன்."

"கூட வந்தே," என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

அவள் தயாரித்து வைத்திருந்த பதில்கள் நிறைய இருந்தன. வேலை போய்விடும் என்று பயந்தேன், அதிர்ச்சியில் இருந்தேன் என்று எத்தனையோ. எதையும் எடுக்கவில்லை. "முதல் நாள் பயம். ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எல்லாம் என் கையைப் பிடிச்சு அழுதாங்க. மூணாம் நாள் எனக்கு அது பிடிச்சுப்போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு. வேற ஒண்ணும் காரணம் இல்ல."

அவர் அவள் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சிகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"போய்ச் சொல்லு. அதை நான் சொல்லமாட்டேன்."

நாத்தனார் அப்போதுதான் சரிவின் உச்சிக்கு வந்து, கைத்தடியை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் வெற்றிச் சிரிப்பு. சாரும் அக்காவும் இன்னும் கீழே ஒரு பீரங்கியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவளை ஒரு கல்லில் உட்காரவைத்து, எதிரே நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். நின்றுகொண்டுதான் சொன்னாள். உட்கார அவளுக்குத் தோன்றவில்லை.

கேட்டு முடித்தபின் நாத்தனார் கைத்தடியின் பிடியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"அப்ப அந்த மெழுகுவத்தியை நான் திரும்பிப் போய் அணைச்சுட்டு வரணுமா?" என்று கேட்டாள்.



"கோபம் வருது அண்ணி. நிறைய வருது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தது நீங்கதானே, அது பொய் இல்லையே?"

"அது நிஜம்தான்."

"அதனால கோபத்தை முழுசாப் படவும் முடியல." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆனா அண்ணன்... அவர் கொண்டுவந்து குடுத்த காபியைக்கூட நான் கை நீட்டி வாங்கினதில்ல. மேஜைமேல வைக்கச் சொல்வேன். பதினோரு மாசமா தினமும் ரெண்டு தடவை வெச்சுட்டுப் போனார். ஒரு நாள்கூட ஏன்னு கேக்கல. அதை யார்கிட்ட போய் நான் திருப்பிக் குடுக்கறது?"

"அவர் அங்கதான் உட்கார்ந்திருக்கார்," என்றாள் மாஸ்டர்.

நாத்தனார் எழுந்தாள். மாஸ்டர் கை கொடுக்கப் போனாள். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு, தானாகவே கைத்தடியை ஊன்றிப் புல்லில் நடந்தாள். மதில்வரை முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடி நடக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று மாஸ்டருக்குக் கேட்கவில்லை. அவர் தங்கையின் தலையில் கை வைத்தது மட்டும் தெரிந்தது. அதற்குமேல் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் திரும்பிப் பீரங்கியைப் பார்க்கப் போனாள்.

"மாஸ்டர், இந்தப் பீரங்கி ஒரு தடவைகூட வெடிச்சதில்ல," என்றார் சார் பெருமையாக.

"அதுக்காவது நிம்மதி," என்றாள் மாஸ்டர். குரல் கம்மியிருந்தது. மருந்துக்கடை அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக மாத்திரை எதுவும் நீட்டாமல், சும்மா அவள் முதுகில் கை வைத்தாள்.

இறங்கி வேனுக்கு வந்தபோது மணி நாலரை. சார் சாவியை எடுத்தார். கணவர் கையை நீட்டினார்.

"சார், நான் ஓட்டட்டுமா?"

சார் அவரைப் பார்த்தார், பிறகு பழக்கத்தில் மாஸ்டரைப் பார்த்தார்.

"அவங்களைக் கேக்க வேண்டாம் சார்," என்றார் கணவர் தன்மையாக. "என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

சாவி கை மாறியது. முன் சீட்டுக்குப் போன மாஸ்டரை நாத்தனார் தடுத்தாள். "அண்ணி, நீங்க பின்னாடி. அங்க உட்கார்ந்து வாயைத் திறக்காம வாங்க. நான் முன்னாடி உட்கார்றேன்." சொல்லிவிட்டு அண்ணன் நீட்டிய கையைப் பிடித்து ஏறினாள்.

மாஸ்டர் கடைசி சீட்டில் காலி டப்பாக்களோடு உட்கார்ந்தாள். அங்கிருந்து அவருடைய பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. முதல் வளைவில் அவர் தோள் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. இரண்டாவது வளைவிலும் அப்படித்தான். நாலாவது வளைவுக்குப் பிறகு ஒரு தோள் மெதுவாக இறங்கியது. குன்றின் அடிவாரத்துக்கு வந்தபோது அவர் ஒரு கையால் வேனின் கண்ணாடியைச் சரிசெய்தார். சார் கிணற்றைக் காட்டியபோது அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "காலைலயே காட்டிட்டீங்க சார்," என்றார். சார் கொஞ்சம் வருத்தப்பட்டார். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

மருந்துக்கடை அக்காவின் வீட்டு வாசலில் வேன் நின்றதும் நாத்தனாரும் இறங்கினாள்.

"ரெண்டு நாள் அக்கா வீட்டுல இருக்கேன் அண்ணி. கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். ஆனா கோவிச்சுக்கிட்டுத்தான் போறேன்." கொஞ்சம் தயங்கினாள். "என் துணியெல்லாம் அங்கதான் இருக்கு. எடுத்து வெச்சுடாதீங்க."

அடுத்துத் தன் தெருமுனையில் இறங்கிய ஹிஸ்டரி சார் சாவியைக் கேட்கவில்லை. "வண்டி நாளைக்கு வந்தா போதும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பத்தடி போய் வழக்கம்போல ஒரு தடவை நின்றார், யாரிடமும் எதுவும் சொல்லாமல் மறுபடி நடந்தார்.

ஃபிளாட் வாசலில் வேன் நின்றபோது வெயில் இறங்கியிருந்தது. மாஸ்டர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் இறங்கவில்லை. என்ஜினையும் நிறுத்தவில்லை.

"நீ மேல போ. நான் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வரேன்."

"எங்க?"

"தெரியல. அந்த இறக்கத்துக்குப் போவேன்னு நினைக்கறேன்."

லாரி குறுக்கே வந்த இறக்கம். "கடிதம்?" என்று கேட்டாள்.

"பையில இருக்கு. போய்ட்டு வந்து யோசிக்கறேன்."

"நானும் வரட்டுமா?"

அவர் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் யோசித்தார், கோட்டையிலிருந்து இறங்கியபின் முதல் தடவையாக.

"இன்னைக்கு வேண்டாம்," என்றார்.

வேன் நகர்ந்தது. தெருமுனையில் சிக்னல் சிவப்புக்கு மாறியது. மாஸ்டர் டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்று பார்த்தாள். வேனின் பின் விளக்குகள் இரண்டும் எரிந்தன. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, கோட்டுக்கு ஒரு அடி முன்னால் குலுங்காமல் நின்றது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.